நுண்கட்டுப்படுத்திப் பலகைகளில் சீரியல் தொடர்பு வேலை செய்யாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்டுயினோ ஊனோ, நானோ, இஎஸ்பி8266, இஎஸ்பி32 ஆகிய பலகைகளை வைத்துப் பழகுபவர்கள் சீரியல் தொடர்பில் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார்களோ, அந்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட பக்கம் இது. சீரியல் என்று இங்கே சொல்வது யூஆர்ட் வழியாக, அனுப்பும் முனையான டிஎக்ஸ், பெறும் முனையான ஆர்எக்ஸ், கிரவுண்டு ஆகிய மூன்று கம்பிகளில் நடக்கும் தொடர்பையே குறிக்கும். ஐ2சி, எஸ்பிஐ ஆகியவற்றின் சிக்கல்கள் வேறு வகையானவை என்பதால் அவற்றை இதில் சேர்க்கவில்லை. கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டரும், கணினியின் யூஎஸ்பியை இந்த மூன்று கம்பிகளாக மாற்றித் தரும் ஒரு யூஎஸ்பி-டிடிஎல் மாற்றியும், சில ஜம்பர் ஒயர்களும் இருந்தால் கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

கம்பிகளையெல்லாம் சரிபார்த்துவிட்டேன், நிரலும் பிழையின்றி ஏறுகிறது. ஆனாலும் ஓர் எழுத்துகூட வரவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நிரலில் ஒரு வரியையும், பாட் வேகத்தையும் (நொடிக்கு எத்தனை பிட்டுகள் போகின்றன என்பதை), கம்பியின் இடத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது. அப்படிச் செய்தால், இருந்த ஒரு பிழையோடு புதிதாக இரண்டு சேர்ந்துகொள்ளும். கணினியிலிருந்து தொகுதி (பலகையோடு இணைக்கும் ஜிபிஎஸ், புளூடூத் போன்ற கருவி) வரையிலான பாதையை இரண்டாகப் பிரித்து, பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

யூஎஸ்பி-டிடிஎல் மாற்றியிலிருந்து எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, அதன் டிஎக்ஸ் முனையையும் ஆர்எக்ஸ் முனையையும் ஒரே ஒரு ஜம்பர் ஒயரால் இணையுங்கள். வரும் எழுத்துகளைக் காட்டும் சீரியல் மானிட்டரை ஆர்டுயினோ மென்பொருளில் திறந்து ஏதேனும் ஒரு சொல்லை அனுப்பினால் அதே சொல் திரும்பி வர வேண்டும். வந்துவிட்டால் யூஎஸ்பி கேபிள், டிரைவர், போர்ட் தேர்வு, மானிட்டர் மென்பொருள் ஆகிய நான்கும் ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து விடுபடுகின்றன. பிறகு ஜம்பரைப் பிடுங்கிவிட்டு மீண்டும் அனுப்பிப் பாருங்கள். எழுத்துகள் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், நீங்கள் தட்டுவதை மென்பொருளே திரையில் காட்டிக்கொண்டிருக்கிறது, கம்பி வழியாக எதுவும் திரும்பி வரவில்லை என்று பொருள். இந்தச் சோதனையைப் பாட் வேகம் சரியா என்று அறியப் பயன்படுத்த முடியாது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே சில்லு என்பதால் எந்த வேகத்திலும் அது தேறிவிடும்.

தனி மாற்றி இல்லாதவர்கள் ஊனோ பலகையிலேயே இதைச் செய்யலாம். ரீசெட் முனையைக் கிரவுண்டோடு இணைத்தால் முதன்மைச் சில்லு முடங்கி, 0, 1 ஆகிய முனைகளை விட்டுவிடும். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தால் பலகையில் இருக்கும் யூஎஸ்பி சில்லு அனுப்புவது அதற்கே திரும்பி வரும்.

அடுத்து, ஆர்டுயினோவை ஒதுக்கிவைத்துவிட்டுத் தொகுதியை நேரடியாக மாற்றியோடு இணைத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, நியோ-6எம் ஜிபிஎஸ் தொகுதி செயற்கைக்கோள் எதையும் பிடிக்காத நிலையிலும் 9600 பாட் வேகத்தில் நொடிக்கு ஒரு முறை டாலர் குறியில் தொடங்கும் வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவை திரையில் ஓடினால் தொகுதியில் குறையில்லை. மிச்சமிருப்பது பலகையும் நிரலும் மட்டுமே.

கணினியில் போர்ட்டின் பெயரே தோன்றவில்லை. பலகை கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் கேபிளை மாற்றுங்கள். செல்போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களுக்குள் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது. பலகையில் விளக்கு எரியும், கணினிக்கோ அப்படி ஒரு கருவி இருப்பதே தெரியாது. அடுத்தது டிரைவர். விலை குறைந்த நானோ, ஊனோ நகல்களில் பெரும்பாலும் சிஎச்340 சில்லும், பல இஎஸ்பி32 பலகைகளில் சிபி2102 சில்லும் இருக்கும். சில்லின் மேல் பொறித்திருக்கும் எழுத்தை உருப்பெருக்கியால் படித்துவிட்டு, அதற்குரிய டிரைவரை நிறுவுங்கள்.

லினக்ஸில் இரண்டு சிக்கல்கள் உண்டு. போர்ட் தெரிந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒரு முறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். உபுண்டு 22.04 பதிப்பில் சிஎச்340 பலகையைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெயில் திரைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்னும் மென்பொருள், பலகையின் அடையாள எண்ணைப் பிரெயில் கருவி ஒன்றினுடையதாகக் கருதிப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பிரெயில் திரை பயன்படுத்தாத கணினியாக இருந்தால் அந்த மென்பொருளை நீக்கியதும் போர்ட் நிலைத்து நிற்கும்.

எழுத்துகள் வருகின்றன, ஆனால் எல்லாம் குப்பையாக இருக்கின்றன. ஏன்?

இதற்கு விடை சொல்ல, ஓர் எழுத்து கம்பியில் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதுவும் அனுப்பாதபோது கம்பி உயர் மின்னழுத்தத்தில், அதாவது 5 வோல்ட்டிலோ 3.3 வோல்ட்டிலோ நிற்கும். அனுப்பத் தொடங்கும்போது அது ஒரு பிட் நேரத்துக்குத் தாழ்கிறது. அதுவே தொடக்க பிட். பிறகு எட்டுத் தரவு பிட்டுகள், மதிப்பில் சிறியது முதலாக வரிசையாகப் போகும். இறுதியில் கம்பி மீண்டும் உயர்ந்து ஒரு பிட் நேரம் நிற்பது நிறுத்த பிட். 9600 பாட் வேகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 104 மைக்ரோநொடி. பத்து பிட்டுகளுக்கு ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல். 115200 வேகத்தில் ஒரு பிட்டுக்கு 8.7 மைக்ரோநொடிதான்.

துடிப்பைச் சுமந்து வரும் தனிக் கம்பி கிடையாது என்பதால், தொடக்க பிட்டின் சரிவைக் கண்டதும் பெறுபவர் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்து எண்ணத் தொடங்குகிறார். இரு கடிகாரங்களுக்கும் இடையிலான வேறுபாடு பிட்டுக்குப் பிட் சேர்ந்துகொண்டே போய், பத்தாவது பிட்டில் அரை பிட் அளவை எட்டினால் பக்கத்து பிட்டைப் படிக்க நேரும். ஆகவே இருவருக்கும் இடையே மொத்தம் 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு தாங்காது; ஒவ்வொருவர் பக்கமும் 2 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு.

குப்பை எந்த வகையானது என்பதைக் கவனித்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். ஒரே சொல்லை நொடிக்கு ஒரு முறை அனுப்பச் செய்து திரையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே குப்பை அதே வரிசையில் வந்தால் அது வேகப் பொருத்தமின்மை, நிரலில் சீரியல்.பிகின் வரியில் உள்ள எண்ணும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பை வந்தால் வேகத்தைத் தொட வேண்டாம். கிரவுண்டு, தளர்ந்த கம்பி, மின்னிரைச்சல் ஆகியவற்றைத் தேடுங்கள். தொடக்கத்தில் நன்றாக வந்து, போகப் போகச் சொற்கள் பாதியில் அறுந்து, நிரலின் வேறு பகுதிச் சொற்கள் இடையில் தலைகாட்டினால் நினைவகம் தீர்ந்துபோயிருக்கலாம். ஊனோவில் மொத்த ரேம் 2048 பைட்டுகளே. நீண்ட செய்திகளை எஃப் மேக்ரோவுக்குள் வைத்தால் அவை ரேமில் இடம் பிடிக்காது.

இரு பக்கமும் ஒரே வேகத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் குப்பைதான் வருகிறது. இது எப்படி?

நீங்கள் எழுதிய எண்ணும் சில்லு உண்மையில் ஓடும் வேகமும் வேறாக இருக்கலாம். கடையில் தனியாக வாங்கும் புதிய ஏடிமெகா328பி சில்லு, தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள் அலையியற்றியின் 8 மெகாஹெர்ட்சை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்சில் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதில் 16 மெகாஹெர்ட்சுக்காகத் தொகுத்த நிரலை ஏற்றினால் 9600 என்று நீங்கள் எழுதியது 600 ஆக வெளியேறும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு எல்இடியை ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணையும்படி எழுதி, கைக்கடிகாரத்தை வைத்துப் பத்து முறை எண்ணுங்கள். இருபது நொடியில் முடிய வேண்டியது நாற்பது நொடி எடுத்தால் கடிகாரம் பாதி வேகத்தில் ஓடுகிறது. மானிட்டரை 4800க்கு மாற்றினால் எழுத்துகள் தெளிந்துவிடும். பதினாறு மடங்கு தாமதமானால் மேலே சொன்ன 1 மெகாஹெர்ட்ஸ் கதை.

வெளியே படிகம் இல்லாமல் உள் அலையியற்றியில் ஓடும் அட்டைனி85 போன்ற சில்லுகளில் தொழிற்சாலை அளவீட்டிலேயே 10 விழுக்காடு வரை பிசகு இருக்கலாம் என்று தரவுத்தாள் சொல்கிறது. மேலே பார்த்த 5 விழுக்காட்டு வரம்பை இதனோடு வைத்துப் பாருங்கள். ஒரு சில்லில் சரியாக வேலை செய்த நிரல், அதே அட்டையிலிருந்து எடுத்த மற்றொரு சில்லில் குப்பையைத் துப்புவது இதனால்தான்.

16 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருந்தாலும் எல்லா வேகமும் சரியாக அமையாது. அந்த எண்ணைப் பகுத்து 115200ஐத் துல்லியமாகப் பெற முடியாது. கிடைப்பது 117647, அதாவது 2.1 விழுக்காடு அதிகம். 9600இல் பிசகு 0.2 விழுக்காடுதான். ஊனோவையும் மற்றொரு கருவியையும் இணைத்து 115200இல் அவ்வப்போது மட்டும் எழுத்து பிசகினால், வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது வீண் முயற்சி அல்ல.

இஎஸ்பி8266 ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஒரு வரி குப்பை வருகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. பழுதா?

பழுது இல்லை. சில்லுக்குள் நிலையாக எழுதப்பட்டிருக்கும் தொடக்க நிரல், வெளியே 40 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருப்பதாகக் கருதி 115200இல் பேச முயல்கிறது. பெரும்பாலான பலகைகளில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ். 115200ஐ 26ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 74880 வரும். மானிட்டரை அந்த வேகத்துக்கு மாற்றிவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்தினால், குப்பை என்று நினைத்த வரி எந்தக் காரணத்தால் சில்லு மறுதொடக்கம் ஆனது என்று சொல்லும் செய்தியாகப் படிக்கக் கிடைக்கும். பலகை தானாக மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தால் இந்த வரியை அவசியம் படியுங்கள்.

கம்பியில் உண்மையில் என்ன வேகம் ஓடுகிறது என்று அளக்க வழி உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘யூ’வின் மதிப்பை இரும எண்ணில் எழுதினால் 01010101. தொடக்க பிட்டையும் நிறுத்த பிட்டையும் சேர்த்தால், அது கம்பியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு குறையில்லாத சதுர அலையாகப் போகும். அந்த எழுத்தை இடைவெளியே விடாமல் தொடர்ந்து அனுப்பும் இரண்டு வரி நிரலை ஏற்றி, அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டரை டிஎக்ஸ் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே வையுங்கள். இரண்டு பிட்டுகள் சேர்ந்து ஓர் அலை என்பதால், காட்டும் எண் பாட் வேகத்தில் பாதியாக இருக்கும். 9600க்கு 4800 ஹெர்ட்ஸ் வர வேண்டும். 4500 என்று காட்டினால் கடிகாரம் 6 விழுக்காடு பின்தங்கியிருக்கிறது, தொடர்பு தேறாது.

கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் கணினித் திரையில் காட்டும், எட்டுத் தடங்களும் 24 மெகாஹெர்ட்ஸ் மாதிரி வேகமும் கொண்ட சிறிய லாஜிக் அனலைசர்கள் இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன; பல்ஸ்வியூ என்னும் கட்டற்ற மென்பொருள் அவற்றை இயக்கும். தொகுதி என்ன வேகத்தில் பேசுகிறது என்றே தெரியாதபோது, திரையில் மிகக் குறுகிய துடிப்பின் அகலத்தை அளந்தால் போதும். 104 மைக்ரோநொடி என்றால் 9600, 26 என்றால் 38400, 8.7 என்றால் 115200.

டிஎக்ஸ் முனையை டிஎக்ஸ் முனையோடு இணைப்பதா, ஆர்எக்ஸ் முனையோடு இணைப்பதா?

ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டும் என்பதால் டிஎக்ஸ் எப்போதும் எதிர்ப்பக்கத்து ஆர்எக்ஸ் முனைக்கே போக வேண்டும். சில தொகுதிகளில் மட்டும், ‘எதிர்ப்பக்கத்து டிஎக்ஸ் இங்கே வரட்டும்’ என்னும் பொருளில் பெயரை மாற்றி அச்சிட்டிருப்பார்கள். ஐயம் வந்தால், தொகுதிக்கு மின்சாரம் கொடுத்து, வேறு எதனோடும் இணைக்காமல் இரு முனைகளையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். உறுதியாக உயர் மின்னழுத்தத்தில் நிற்கும் முனையே பெரும்பாலும் டிஎக்ஸ். ஆர்எக்ஸ் முனையிலும் அதை உயர் மின்னழுத்தத்தை நோக்கி இழுக்கும் புல்-அப் மின்தடை இருந்தால் அதுவும் உயர்ந்தே தெரியும். அப்போது 10 கிலோ ஓம் மின்தடை வழியாக முனையைக் கிரவுண்டை நோக்கி இழுத்துப் பாருங்கள். மின்னழுத்தம் அசையாமல் நிற்பது டிஎக்ஸ், சரிவது ஆர்எக்ஸ்.

இரண்டு கம்பிகளில்தானே தரவு போகிறது, கிரவுண்டை இணைப்பது அவ்வளவு முக்கியமா?

மின்னழுத்தம் என்பது இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு. ஒரு பலகை 5 வோல்ட் என்று சொல்வது தன் கிரவுண்டிலிருந்து அளந்துதான். மற்றொரு பலகையின் கிரவுண்டு அதனோடு இணையாவிட்டால் அந்த 5 வோல்ட்டுக்கு அங்கே பொருளே இல்லை.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நானோக்களை டிஎக்ஸ், ஆர்எக்ஸ் கம்பிகளால் மட்டும் இணைத்து, இரண்டையும் மடிக்கணினியிலேயே செருகியிருந்தேன். பகல் முழுவதும் அழகாக வேலை செய்தன. மாலையில் ஒன்றை மாடிக்குக் கொண்டுபோவதற்கு முன் சோதிப்பதற்காக அதைப் பவர் பேங்குக்கு மாற்றினேன். அந்த நொடியிலிருந்து குப்பை. பலகையைக் கையில் எடுத்தால் குப்பையின் தன்மை மாறியது, மேசையில் வைத்தால் வேறு விதமாக மாறியது. நிரலில் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து இரு கிரவுண்டுகளையும் தொட்டபோது அது ஒலிக்கவில்லை. பகலில் மடிக்கணினியின் யூஎஸ்பி வழியாகத்தான் இரு கிரவுண்டுகளும் ஒன்றாக இருந்திருக்கின்றன. பவர் பேங்குக்கு மாற்றியதும் அந்த இணைப்பு போய்விட்டது. ஒரு கறுப்பு ஜம்பர் ஒயரைச் செருகியதும் முதல் வரியே சரியாக வந்தது. கை பட்டால் மாறுகிறது, சார்ஜரை மாற்றினால் மாறுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது கிரவுண்டைப் பற்றித்தான்.

5 வோல்ட் ஊனோவை 3.3 வோல்ட் தொகுதியோடு நேரடியாக இணைக்கலாமா?

ஒரு திசையில் இணைக்கலாம், மறு திசையில் கூடாது. 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி, 3 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ளதை உயர்நிலையாக ஏற்றுக்கொள்ளும் என்பதால், தொகுதியின் 3.3 வோல்ட் டிஎக்ஸ் நேராக ஊனோவின் ஆர்எக்ஸ் முனைக்குப் போகலாம். மிச்சமிருக்கும் இடைவெளி 0.3 வோல்ட்தான் என்பதால் கம்பியைக் குட்டையாக வையுங்கள். ஊனோவின் 5 வோல்ட் டிஎக்ஸ் முனையை இஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் சில்லுக்கு நேராகக் கொடுக்கக் கூடாது. டிஎக்ஸ் முனையிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் என இரு மின்தடைகளை வைத்து, அவை சந்திக்கும் இடத்திலிருந்து எடுத்தால் 3.33 வோல்ட் கிடைக்கும். வழக்கமான வேகங்களுக்கு இதுவே போதும்.

தொகுதிக்கு மின்சாரம் கொடுக்காமலேயே அதன் விளக்கு மங்கலாக எரிவதைப் பார்த்தால் உடனே கம்பியைக் கழற்றுங்கள். உங்கள் டிஎக்ஸ் முனையின் மின்னழுத்தம் சில்லின் பாதுகாப்பு டயோடு வழியாக உள்ளே புகுந்து அதை ஓட்டப் பார்க்கிறது.

எடைத் தராசின் பின்னால் ஒன்பது முனை சீரியல் போர்ட் இருக்கிறது. அதை ஊனோவில் இணைக்கலாமா?

நேராக இணைத்தால் சில்லு போய்விடக்கூடும். அது ஆர்எஸ்-232, 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தரம். அதில் 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட், 0 என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வோல்ட். அளவும் அதிகம், திசையும் தலைகீழ். இடையே 5 வோல்ட் பலகைக்கு மேக்ஸ்232, 3.3 வோல்ட் பலகைக்கு மேக்ஸ்3232 சில்லுள்ள மாற்றியை வைக்க வேண்டும்.

தொகுதியை 0, 1 முனைகளில் இணைத்ததும் நிரல் ஏற மறுக்கிறது. ‘நாட் இன் சிங்க்’ என்று பிழை வருகிறது. என்ன செய்வது?

ஊனோவில் அந்த இரு முனைகளும் யூஎஸ்பி சில்லோடு பகிர்ந்துகொள்ளப்பட்டவை. யூஎஸ்பி சில்லின் கம்பி 1 கிலோ ஓம் மின்தடை வழியாக வருகிறது. உங்கள் தொகுதியின் டிஎக்ஸ் முனையோ மின்தடை எதுவும் இல்லாமல் நேராக வருகிறது. இருவரும் ஒரே முனையை எதிரெதிராக இழுத்தால் தொகுதிதான் வெல்லும், கணினியின் குரல் சில்லுக்குக் கேட்காது. நிரல் ஏற்றும்போது 0ஆம் முனையில் உள்ள கம்பியை மட்டும் கழற்றினால் போதும்.

தொகுதி எதுவும் இல்லாமலே நானோவில் இந்தப் பிழை வந்தால், மென்பொருளில் செயலி என்னும் தேர்வின் கீழ் ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 2018 சனவரிக்கு முன் வந்த நானோக்களும் இன்றும் விற்கும் பல நகல்களும் 57600இல் நிரலை ஏற்கின்றன, புதியவை 115200இல். இதுவும் வேகப் பொருத்தமின்மைதான், மறைவான இடத்தில் இருப்பதால் தெரிவதில்லை.

இஎஸ்பி32 பலகையில் ‘கனெக்டிங்’ என்ற சொல்லும் புள்ளிகளுமாக நின்றுவிட்டால், பூட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுதத் தொடங்கியதும் விடுங்கள். அந்தப் பொத்தான் ஜிபிஐஓ 0 முனையைத் தாழ்த்துகிறது. தொடங்கும் நேரத்தில் அது தாழ்ந்திருந்தால்தான் சில்லு நிரலை ஏற்கும் நிலைக்குப் போகும்.

சீரியல் மானிட்டரைத் திறந்தாலே ஊனோ முதலிலிருந்து தொடங்குகிறது. தடுக்க முடியுமா?

நிரல் ஏற்றுவதற்கு வசதியாக, யூஎஸ்பி சில்லின் டிடிஆர் கம்பி 100 நானோஃபாரட் மின்தேக்கி வழியாக ரீசெட் முனையோடு இணைக்கப்பட்டுள்ளது. போர்ட் திறக்கப்படும்போது அது ஒரு துடிப்பைக் கொடுக்கிறது. ரீசெட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைத்தால் அந்தத் துடிப்பு விழுங்கப்படும். நிரல் ஏற்றும்போது அதை எடுத்துவிட மறக்க வேண்டாம்.

இஎஸ்பி32இல் இரண்டாவது சீரியலைத் தொடங்கினால் பலகை சுருண்டுவிடுகிறது. ஏன்?

மென்பொருளின் பழைய பதிப்புகளில் சீரியல்1 இயல்பாக 9, 10 முனைகளை எடுத்துக்கொள்ளும். அவை நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் முனைகள். பிகின் வரியிலேயே வேறு முனைகளின் எண்களைக் கொடுங்கள். 34 முதல் 39 வரையிலானவை உள்ளீட்டுக்கு மட்டுமே என்பதால் அவற்றை டிஎக்ஸ் முனையாக வைக்க முடியாது. சீரியல்2க்குரிய 16, 17 முனைகளையும், கூடுதல் ரேம் உள்ள பலகைகளில் அந்த ரேமே பயன்படுத்திக்கொள்கிறது.

நீண்ட செய்திகளில் நடுவே எழுத்துகள் காணாமல் போகின்றன. எங்கே போகின்றன?

வந்த எழுத்துகளை ஊனோ 64 பைட் அளவுள்ள ஓர் இடைத்தொட்டியில் சேர்த்துவைக்கும். உங்கள் நிரல் எடுக்காமல் இருந்தால் 9600இல் 66 மில்லிநொடியிலும், 115200இல் 5.5 மில்லிநொடியிலும் அது நிரம்பிவிடும். அதன் பிறகு வருவது அறிவிப்பின்றி எறியப்படும். நிரலில் ஒரு நொடி டிலே இருந்தால் அந்த ஒரு நொடியில் 9600இல் 960 எழுத்துகள் வரை வரக்கூடும், மிஞ்சுவது 63தான். டிலேயை நீக்கி, மில்லிஸ் செயற்கூற்றைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடும் முறைக்கு நிரலை மாற்றுவதே உண்மையான தீர்வு.

டபிள்யூஎஸ்2812 வண்ண விளக்குப் பட்டையைச் சேர்த்த பிறகு எழுத்துகள் தொலையத் தொடங்கினால் காரணம் வேறு. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோநொடி வீதம் தரவு அனுப்பி முடியும் வரை ஊனோவுக்கான நூலகங்கள் குறுக்கீடுகளை (எழுத்து வந்ததும் அதை எடுக்கச் சொல்லிச் சில்லுக்குப் போகும் அழைப்புகளை) நிறுத்திவைக்கின்றன. அறுபது விளக்குகளுக்கு 1.8 மில்லிநொடி, 115200இல் அதற்குள் இருபது எழுத்துகள் வந்துவிடும், வன்பொருளால் பிடித்துவைக்க முடிவதோ இரண்டு மூன்றுதான். விளக்குகளைப் புதுப்பித்து முடித்த பிறகு ‘இப்போது அனுப்பு’ என்று நீங்களே எதிர்ப்பக்கத்தைக் கேட்கும்படி அமைத்தால் இந்த மோதல் ஒழியும்.

சாஃப்ட்வேர்சீரியல் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் குறுகிய வரம்புகள் உண்டு. அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதனால் பெற முடியாது. இரண்டு போர்ட்டுகளை உருவாக்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்கும். மெகா பலகையில் சில முனைகள் மட்டுமே பெறுவதற்கு உதவும். மெகாவில் வன்பொருள் சீரியலே நான்கு இருக்கும்போது அந்த நூலகத்தை அங்கே கொண்டுபோகத் தேவையே இல்லை.

‘ஆன்’ என்று அனுப்பினால் விளக்கு எரிய வேண்டும். நிரலில் சரியாகத்தான் ஒப்பிடுகிறேன், ஆனாலும் எரியவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். மானிட்டர் உங்கள் சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறியைச் சேர்த்து அனுப்பியிருக்கும். உங்கள் ஒப்பீட்டில் அது இல்லை. அல்லது நிரல் எழுத்துகளைவிட வேகமாக ஓடியிருக்கும். 9600இல் அடுத்த எழுத்து வருவதற்குள் ஊனோ பதினாறாயிரம் கடிகாரத் துடிப்புகளைக் கடந்துவிடும். முதல் எழுத்தைப் படித்ததும் தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்துச் செய்தி முடிந்துவிட்டதாக முடிவெடுத்தால், மீதி எழுத்துகள் அடுத்த செய்தியாகக் கருதப்படும். வரிமுடிவுக் குறி வரும் வரை எழுத்துகளைச் சேர்த்துவைத்து, வந்த பிறகே ஒப்பிடுவது இரண்டுக்கும் ஒரே மருந்து.

எச்சி-05 புளூடூத் தொகுதி கட்டளை நிலையில் பதில் தராததற்கும் வரிமுடிவே காரணமாக இருப்பதுண்டு. அது 38400 வேகத்தில், சிஆர், எல்எஃப் இரண்டும் சேர்ந்த வரிமுடிவை எதிர்பார்க்கிறது. தோற்றத்தில் அதைப் போன்றே இருக்கும் எச்சி-06க்கு வரிமுடிவே இருக்கக் கூடாது.

எழுத்து ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் 65 வருகிறது. ஏன்?

பிரிண்ட் எண்ணை இலக்கங்களாக எழுதி அனுப்பும். ரைட் அந்த மதிப்பையே ஒரு பைட்டாக அனுப்பும். உங்களுக்கு எது வேண்டுமோ அதைப் பயன்படுத்துங்கள்.

தோட்டத்தின் கடைசியில் இருக்கும் பம்ப் அறை வரை கம்பி இழுத்திருக்கிறேன். மோட்டார் ஓடினால் குப்பை வருகிறது. என்ன செய்யலாம்?

அந்தத் தொலைவுக்கும் அந்த இரைச்சலுக்கும் டிடிஎல் மட்டம், அதாவது பலகைகளின் 5 அல்லது 3.3 வோல்ட் தொடர்பு, ஏற்றது அல்ல. ஆர்எஸ்-485க்கு மாறுங்கள். அது ஒரு கிரவுண்டை வைத்து அளக்காமல் முறுக்கிய இரு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்ப்பதால், இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சல் கழிந்துவிடும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். நீண்ட தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும். மேக்ஸ்485 சில்லில் அனுப்பும் அனுமதிக் கம்பியை உயர்த்தி, எழுதி, தாழ்த்தும்போது கடைசி எழுத்துகள் மட்டும் அறுந்துபோகின்றன என்றால், தாழ்த்துவதற்கு முன் சீரியல்.ஃபிளஷ் வரியைச் சேருங்கள். எழுத்துகள் தொட்டியிலிருந்து கம்பிக்குப் போய் முடியும் வரை அது காத்திருக்கும்.

ஊனோவிலிருந்து இஎஸ்பி32க்கு ஒரு ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பை) அப்படியே அனுப்புகிறேன். முதல் எண் சரியாக வருகிறது, அடுத்தவை அர்த்தமில்லாத எண்களாக வருகின்றன. காரணம் என்ன?

இரு சில்லுகளும் ஒரே சொல்லுக்கு வேறு வேறு அளவைத் தருகின்றன. ஊனோவில் இன்ட் 2 பைட், இஎஸ்பி32இல் 4 பைட். டபுள் ஊனோவில் 4 பைட், இஎஸ்பி32இல் 8 பைட். அளவு குறிப்பிட்ட வகைகளை, அதாவது இன்ட்16_டி, இன்ட்32_டி போன்றவற்றை மட்டுமே பயன்படுத்துங்கள். அப்போதும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது. இஎஸ்பி32 ஒவ்வொரு 4 பைட் எண்ணையும் நான்கால் வகுபடும் முகவரியில் வைப்பதற்காக இடையே வெற்று பைட்டுகளைச் செருகும், ஊனோ செருகாது. ஒரு பைட்டுக்குப் பிறகு ஒரு ஃப்ளோட் வரும் ஸ்ட்ரக்ட் ஊனோவில் 5 பைட்டாகவும் இஎஸ்பி32இல் 8 பைட்டாகவும் இருக்கும். பேக்டு என்னும் பண்பை இரு பக்கமும் சேர்த்தால் இடைவெளி நீங்கும்.

இதோடு, தொகுப்பின் தொடக்கத்தில் ஒரு நிலையான அடையாள பைட்டும், முடிவில் எல்லாத் தரவு பைட்டுகளின் எக்ஸ்ஆர் மதிப்பும் வையுங்கள். நடுவே ஒரு பைட் தொலைந்தால் எக்ஸ்ஆர் பொருந்தாது; அந்தத் தொகுப்பை எறிந்துவிட்டு அடுத்த அடையாள பைட்டுக்காகக் காத்திருக்கலாம். இவற்றையெல்லாம் எழுதுவதற்கு முன், இரு பலகைகளிலும் அந்த ஸ்ட்ரக்டின் சைஸ்ஆஃப் மதிப்பை, அதாவது அது எத்தனை பைட் என்பதை, மானிட்டரில் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இல்லாவிட்டால், கம்பியைத் தொட வேண்டிய வேலையே இல்லை.